இடைவேளை வரை நின்ற பாலம்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மேற்கு மலையிலிருந்து விடியும் முன்பே இறங்கிவிட்ட சாரல், செவ்வந்திப்பேரியின் ஓட்டுக் கூரைகளை நனைத்தும் நனைக்காமலும் விளையாடிக்கொண்டிருக்க, காற்று தென்னை மட்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த அந்த முற்பகலில், விசாலம் திரையரங்கில் 'இரகசியப் பருந்து' என்னும் படத்தின் முதற்காட்சி இடைவேளையை எட்டிய அதே நொடியில், கொம்பாற்றின் குறுக்கே நின்ற பாலம் இல்லாமற்போயிற்று.

பாலம் இடியவில்லை, சரியவில்லை, ஒரு கல்கூடத் தண்ணீரில் விழவில்லை. வெடியோசை திரையரங்கின் சுவர்களைத் தாண்டிக் கேட்டது. கேட்டு முடிவதற்குள் ஆறு வெறுமையாய்க் கிடந்தது. அக்கரையிலிருந்து வாழைத்தார் ஏற்றிய மொபெட்டில் வந்துகொண்டிருந்த ஒருவர், கரை விளிம்பில் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, எதிர்க்கரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பாலத்தக் காணோம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமும் அதையே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டு போனார். பிற்பகல் காட்சி தொடங்கியதும் பாலம் திரும்பி வந்தது. இடைவேளையில் மீண்டும் போயிற்று. மாலைக் காட்சியிலும் அப்படியே.

ஏழு நாடுகளில் எடுத்ததாகவும், ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அரண்மனையின் விலையைக் கொட்டியதாகவும் சுவரொட்டிகள் பறைசாற்றிய அந்த உளவாளிப் படத்தில், பனி மூடிய, பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டின் எல்லைப் பாலமாக வந்தது செவ்வந்திப்பேரியின் பாலந்தான். முந்தைய ஆண்டு தை மாதத்தில் படப்பிடிப்புக் குழுவினர் வந்திறங்கி, பாலத்தின்மேல் உப்பையும் சோப்பு நுரையையும் கொட்டிப் பனியாக்கி, கைப்பிடிச் சுவரில் எவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் பலகை மாட்டி, அக்கரையிலுள்ள கல்மேட்டிலிருந்து முப்பது ஆண்களை அழைத்து வந்து, முழங்கால்வரை தொங்கும் கோட்டு மாட்டி, உரோமத் தொப்பி கவிழ்த்து, முகம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் எல்லாரையும் முதுகு காட்டி நடக்கச் சொன்னார்கள். பகைவரின் வண்டிகள் துரத்தி வர, கதாநாயகன் அந்த முதுகுகளுக்கிடையே புகுந்து ஓடி வந்து, கரையேறித் திரும்பி நின்று, மணிக்கட்டை உயர்த்திக் கடிகாரத்தின் விசையை அழுத்துவான், பாலம் தீப்பிழம்பாகும், அந்தத் தீக்குள்ளிருந்து 'இடைவேளை' என்ற எழுத்து எழுந்து வரும். படப்பிடிப்பின்போது பாலத்தில் ஒரு கீறலும் விழவில்லை. வெடித்ததெல்லாம் கணினியில். படம் பக்கத்து ஊர்களிலும் அயல்நாடுகளிலும் ஓடியபோது பாலம் அசையவில்லை. அங்கே பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஒரு பாலம். விசாலம் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது தங்கள் பாலமாக இருந்தது. அவர்கள் கண்ணெதிரே வெடித்தபோது அது மெய்யாகவே போயிற்று.

திரும்பி வரும்போதெல்லாம் பாலம் படத்தில் இருந்தபடியே வந்தது. படிக்கவியலாத பலகையோடு வந்தது. கணுக்கால் அளவு மெய்யான பனியோடு வந்தது. மூன்றாம் நாளே மீன்காரப் பெண்கள் அந்தப் பனியை அள்ளிக் கூடையில் நிரப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளி முதல்மணியை முற்பகல் காட்சிக்கு மாற்றிக்கொண்டது. முகூர்த்தம் குறிப்பவர்கள் இராகு காலத்தோடு இடைவேளையையும் விலக்கிக் குறித்தார்கள். திரையரங்கு உரிமையாளர் குற்றாலிங்கம், வெடிக்காட்சிக்குச் சற்று முன்பு ஆற்றை நோக்கி ஒலிக்கும்படி கூரையில் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, "கடப்பவர்கள் கடந்துவிடுங்கள்" என்று அறிவிக்கச் செய்தார். அந்த ஏற்பாட்டுக்காக ஊர் அவரைப் பெரிய மனிதர் என்று புகழ்ந்தது. புகார் கிடைத்து ஆய்வுக்கு வந்த பொறியாளர், தம் வசதிப்படி பிற்பகல் காட்சி நேரத்தில் வந்து, பாலத்தின் நீளத்தை அளந்து, 'பாலம் நல்ல நிலையில் உள்ளது. மேற்பரப்பில் வெண்ணிறப் படிவு காணப்படுகிறது. கூட்டிப் பெருக்குதல் நலம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

படமோ இறங்குவதாயில்லை. தொலைவிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தவர்கள், இடைவேளையில் வெளியே ஓடிவந்து, இல்லாத பாலத்தைப் பார்த்துக் கைதட்டி, முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவர்களையாவது மன்னிக்கலாம். கல்மேட்டுக்காரர்களை என்ன சொல்வது? தங்கள் வீட்டுக்குப் போகும் ஒரே வழி தகர்வதைக் காணச் சீட்டு வாங்கி உட்கார்ந்து, அது தகர்ந்தபோது நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்து, படம் விட்டு வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக வழியில்லாமல், அடுத்த காட்சி எப்போது தொடங்கும் என்று படித்துறையில் பசியோடு குந்தியிருந்தவர்கள் அவர்கள்தாம்.

கல்மேட்டில் பீடி சுற்றிப் பிழைத்த சண்முகக்கனிக்கு இது பொறுக்கவில்லை. அவளுடைய கணவன் ஆவுடையப்பனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி ஓராண்டு ஆகியிருந்தது. வாரத்திற்கு மூன்று முறை இக்கரையிலுள்ள அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அவனுக்கு மூச்சு. முற்பகல் காட்சி தொடங்கியதும் அவனுக்குக் கம்பளி போர்த்தி, பனியில் வழுக்காமல் இடுப்பைப் பிடித்து நடத்தி வந்து, இயந்திரத்தில் படுக்க வைத்து, அது முடியும்போது பிற்பகல் காட்சியின் பாலமும் போயிருக்கும் என்பதால், குருதி சுத்தமாகிக் கந்தலாய்த் தளர்ந்தவனைப் பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பலகையில் கிடத்தி, மாலைக் காட்சிக்குக் காத்திருந்து வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பாள். இருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. படம் ஓடிய நேரமெல்லாம் அவர்கள் பாலத்தில் இருந்தார்கள்.

ஆவுடையப்பனோ முதுகு காட்டி நடந்த முப்பது பேரில் ஒருவன்.

"ஏட்டி, இடது ஓரத்துல, பெட்டி தூக்கிட்டுப் போறவன் நாந்தானாம். முதுகப் பாத்ததும் நம்ம ஆவுடைன்னு கண்டுபிடிச்சிட்டானுவளாம்" என்பான், பலகையில் படுத்தபடியே. "ஒரு நாளாவது என்ன அங்கன உக்கார வச்சிட்டுப் போயேன்."

"உக்காந்து பாத்தா வீட்டுக்குப் பறந்தா போவீரு?"

"நம்ம பாலம்ட்டி. உலகம் பூரா பாக்கான்."

"உலகம் பூரா பாக்கட்டும். உம்ம முதுக நான் தெனமும் தேச்சுக் குளிப்பாட்டுதேன். அது போதும் எனக்கு."

புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு மாலை, கதாநாயகன் பாலத்தின் நடுவே ஓடி வந்துகொண்டிருந்தபோது ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று. திரையரங்கின் ஜெனரேட்டரும் அன்று கைவிட்டது. பாலம் நின்றது. விடிய விடிய நின்றது. கல்மேட்டுக்காரர்கள் போவதும் வருவதுமாயிருந்தார்கள். பனி உருகி மதகு வழியே ஓடிற்று. சண்முகக்கனி தன் கணவனை அவசரப்படுத்தாமல், நடுவில் ஒருமுறை கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து இளைப்பாற்றி, வீட்டுக்கு அழைத்துப் போனாள். வெடிக்காட்சியைக் காட்டாதிருந்தால் பாலம் போகாது என்பது அன்று ஊருக்கே விளங்கிவிட்டது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணி அவள் மறுநாள் காலையில் தட்டை மடியில் வைத்துப் பீடியிலை நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பக்கமிருந்து அந்த வெடியோசை கேட்டது. முந்தைய மாலை பாதியில் எழுந்து போனவர்கள் காலையில் திரையரங்கின் முன் திரண்டு, விட்ட இடத்திலிருந்து போடச் சொல்லிக் கூச்சலிட்டிருக்கிறார்கள், குற்றாலிங்கமும் போட்டிருக்கிறார்.

மடியிலிருந்த தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு எழுந்தவள், அன்று முற்பகல் காட்சியின் பாலத்தில் ஏறி நேரே திரையரங்குக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்த ஒரு சீன மட்டும் விட்டுருங்க. அதுக்கு முன்னால நிப்பாட்டி லைட்டப் போட்டுருங்க. பாலம் நிக்கும்லா?"

"நிக்கும் தாயி. நான் இல்லன்னா சொல்லுதேன்?" என்றார் குற்றாலிங்கம், வெற்றிலையைத் துடைத்தபடி. "ஆனா அந்தச் சீனுக்குத்தான கூட்டமே வருது? சாம்பார் இல்லாத இட்லிய எவன் திம்பான்?"

"சட்னி வச்சித் திம்பான். எம் புருசன் எதுல போவாரு?"

"அடுத்த ஆட்டத்துல போவாரு. ஒரு நாளைக்கி நாலு ஆட்டம் ஓட்டுதேன். நான் ஓட்டலேன்னா இந்த அளவுக்குக்கூட பாலம் கெடையாது, அத நெனச்சிப் பாரு."

அந்தப் பதிலில் இருந்த நியாயம் அவளை இன்னும் எரித்தது. நம்முடையதைப் பறித்துவைத்துக்கொண்டு, நாளுக்கு நான்கு முறை திருப்பிக் கொடுப்பதாகச் சொல்கிறவனிடம் எந்த மொழியில் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில், கதாநாயகனின் பதாகைக்குச் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்த இரசிகர் மன்றத் தலைவன் இசக்கிராஜாவிடம் திரும்பினாள்.

"எக்கா, நீ வேற" என்றான் அவன். "நம்ம பாலம் வெடிக்கத அமெரிக்காவுல பாக்கான். நாம மட்டும் பாக்காம இருக்கணுமாக்கும்?"

"அமெரிக்காக்காரன் பாத்துட்டு, அவன் பாலத்துல ஏறி அவன் வீட்டுக்குப் போயிருதான்லே. நீ எதுல போவ?"

"நான் எதுக்குப் போவணும்? எனக்கு வீடு இக்கரையிலல்லா இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் கல்மேட்டுக்காரர்களும் இருந்தார்கள். சண்முகக்கனி அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு போய்ப் பேசினாள். பேசியவிடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு பெண், "நீ சொல்லுதது சரிதான் மைனி. ஆனா அந்தத் தீ வரும்போது இங்கன ஒண்ணு அப்படியே எறங்குது பாரு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "தூ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் சண்முகக்கனி.

செப்டம்பர் இறுதியில் வேறொரு செய்தி வந்தது. இப்போதெல்லாம் படங்கள் பெட்டியில் வருவதில்லை. திரையரங்கின் கணினிக்கு வருகின்றன. அவற்றைத் திறக்க நிறுவனத்தார் அனுப்பும் அனுமதியோ குறித்த நாளுக்குமேல் செல்லாது. 'இரகசியப் பருந்து'க்கான அனுமதி அக்டோபர் 3ஆம் நாள், வியாழக்கிழமை மாலைக் காட்சியோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை வேறு படம் வருகிறது. கடைசிக் காட்சியிலும் பாலம் வெடித்துவிட்டால், அதன்பின் திரும்பி வர அதற்கு வழியே இல்லை. வெடிக்கும் முன் நிறுத்திவிட்டால், அது என்றைக்கும் நிற்கும்.

காந்தி பிறந்தநாளன்று வேப்பமரத்தடியில் கிராமசபை கூடியது. தேர்தல் நடக்காத காலம் என்பதால் தலைவர் இல்லை. ஊராட்சிச் செயலரே நடத்தினார். குடிநீர், தெருவிளக்கு என்று அவர் வரிசையாக வாசித்துக்கொண்டு போக, சண்முகக்கனி எழுந்தாள்.

"சார், அந்த வெளக்கு எரிஞ்சா எரியட்டும், எரியாட்டி போவட்டும். பாலத்தப் பேசுங்க."

"பேசுவோம்மா. பொருள்வாரியா வருவோம்."

"பொருளா? எம் புருசன் உசிரு பொருள்வாரியாவா வரும்? ரெண்டு மாசமா இந்த ஊரு, பொழுதுபோக்குக்கு எங்க காலத் தறிச்சி வெளையாடுது. நாங்களும் டிக்கெட்டு எடுத்துக் கைதட்டுதோம். எங்களச் செருப்பால அடிக்கணும், அது தனி. நாளைக்கிக் காலம்பற ஆட்டத்தோட அந்தச் சீன நிப்பாட்டுங்க. இத எழுதுங்க முதல்ல."

அவள் கேட்டது சரியென்பதில் எவருக்கும் ஐயமில்லை. இசக்கிராஜாவே முதலில் கையுயர்த்தினான். பின்னர் எல்லாரும் உயர்த்தினார்கள். கல்மேட்டுக் கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் இசக்கிராஜா தொண்டையைச் செருமினான்.

"எக்கா, நிப்பாட்டுதோம், மறுபேச்சே இல்ல. ஆனா காலம்பற ஆட்டத்தோட எதுக்கு? கடைசி ஆட்டத்துல நிப்பாட்டுனாலும் அதே பாலந்தான நிக்கப் போவுது? நடுவுல உள்ளத பாத்துக்கிடுதோமே. இனிமே எந்தக் காலத்துல பாக்கப் போறோம்?"

"அதான, அதான" என்றது சபை. கண்ணைத் துடைத்த கிழவரும் "அதான" என்றார். ஒன்றை இழக்காதிருக்க ஒப்புக்கொண்ட மறுகணமே, அதை இன்னும் இரண்டு மூன்று முறை இழந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட இந்தப் பூமியில் இவர்களால்தான் முடியும். சண்முகக்கனி களைத்திருந்தாள். சரி என்றாள். ஆனால் கடைசிக் காட்சியின்போது படம் ஓட்டும் அறையில் தான் நிற்க வேண்டும் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாலை, முதுகுகள் முப்பதில் இருபத்தொன்பது திரையரங்கில் இருந்தன. ஆவுடையப்பன் வரவில்லை, மறுநாள் காலையில் டயாலிசிஸ், அதற்கு முந்தைய மாலைகளில் அவனால் எழுந்திருக்க முடியாது. "பாத்துட்டு வந்து சொல்லுட்டி, பெட்டி தூக்குனவன் நாந்தானான்னு" என்று அனுப்பிவைத்திருந்தான். உட்கார இடமில்லாமல் ஊர் சுவரோரம் நின்றது. எதைப் பார்க்கப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தார்களோ, அதைப் பார்க்காமலிருப்பதைப் பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள்.

படம் ஓட்டும் அறையில் ஆபரேட்டர் தாவீது அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டான். நாற்பது வயதைக் கடந்தவன். அந்தப் படத்தை ஊரில் அதிகம் பார்த்தவன் அவன்தான்.

"நீங்க சொன்னாத்தான் நிறுத்துவேன்க்கா" என்றான். "நானா நிறுத்துனா கைய ஒடிச்சிருவானுவ. நீங்க சொல்லி நிறுத்துனா ஏசுவானுவ, அவ்வளவுதான். கரையேறித் திரும்புவான், கைய உசத்துவான். கை உசந்ததும் சொல்லுங்க. அதுக்கு முந்திச் சொல்லாதீங்க. அதுவரைக்குமாவது பாக்கட்டும், பாவம்."

"பாவமா? யாரு? அவனுவளா?"

"எல்லாரும்தான்."

விளக்குகள் அணைந்தன. வெளியே, ஆற்றின்மேல் பாலம் பனியோடு வந்து நின்றதைப் படித்துறையிலிருந்து எவரோ கூவிச் சொன்னார்கள். சண்முகக்கனி சிறு கண்ணாடிச் சாளரத்தில் முகத்தை வைத்தாள். காவலுக்கு வந்தவள் அவள். காவல்காரியின் கண்ணோடுதான் பார்க்கத் தொடங்கினாள்.

திரையில் ஒருவன் நடந்தான். கண்ணாடி மாளிகையின் கதவுகள் அவனுக்குத் தாமாகத் திறந்தன. எந்தச் சாளரத்தின் முன்னும் அவன் வரிசையில் நிற்கவில்லை. எவரும் அவனிடம் ஆதார் அட்டை கேட்கவில்லை. நகல் எடுத்து வா என்று திருப்பியனுப்பவில்லை. டாக்டர் இன்னும் வரவில்லை, ஓரமாய் உட்கார் என்று சொல்லவில்லை. ஓர் ஊரில் குதித்து மற்றோர் ஊரில் எழுந்தான். விலாவில் குண்டு பாய்ந்தது, அடுத்த காட்சியில் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மழையில் நின்றான். அவனுக்கு வேண்டியதை எவரும் தரவில்லை, அவனும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டான். எதற்கும் காத்திராத ஒருவனைச் சண்முகக்கனி அதுவரை தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ரேஷன் கடை வாசலிலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் பீடிக்கடைப் படியிலும் பேருந்து நிலையப் பலகையிலும் அவள் காத்துக்கிடந்த பொழுதுகளெல்லாம் அவன் ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொன்றாய் அறுந்து பின்னால் விழுந்தன. அவளையறியாமல் அவளுடைய கை, சாளரத்தின் சட்டத்தைப் பற்றியிருந்தது.

பாலம் வந்தது. அவள் தேய்த்துத் தேய்த்து நடந்த பாலம், வெள்ளை வெளேரென்று, நீல வெளிச்சத்தில், தேர்போல வந்தது. இடது ஓரத்தில் பெட்டி தூக்கிய ஒரு முதுகு நடந்தது. சற்றே வலப்பக்கம் சாயும் அந்த நடையை அவள் அறிவாள். நோய் வருமுன் நடந்த நடை. முதுகு போயிற்று, கதாநாயகன் ஓடி வந்தான், வண்டிகள் வந்தன, பறை முழங்குவதுபோல் இசை முழங்கிற்று, அவன் கரையேறினான், திரும்பினான், கையை உயர்த்தினான்.

"அக்கா" என்றான் தாவீது.

கீழே ஒருவரும் கத்தவில்லை, போடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

உயர்ந்த அந்தக் கையை அவள் பார்த்தாள். இரண்டு மாதமாக அவளை ஓடவிட்ட பாலம் அது. பிடித்து நடத்தவும் கெஞ்சவும் ஏச்சு வாங்கவும் வைத்த பாலம். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் நடந்த பாலம். அவளிடம் இருந்த கோபம் முழுவதுக்கும் அதுவரை ஒரு கை இருந்ததில்லை. இப்போது இருந்தது. திரையில் உயர்ந்து நின்றது. 'நிறுத்து' என்ற சொல் அவள் வாயில்தான் இருந்தது. ஒரு மூச்சு, ஒரேயொரு மூச்சு, அவள் அதை வைத்துக்கொண்டாள்.

அந்த மூச்சு போதுமானதாயிருந்தது.

தீ எழுந்தபோது திரையரங்கு அதிர்ந்தது. பார்க்க மாட்டோம் என்று கையுயர்த்திய அத்தனை பேரும் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள், இசக்கிராஜா கைநிறையக் காகிதத் துண்டுகளை வீசினான். பிறகு விளக்கு எரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எல்லாருடைய தலைகளும் ஒருசேர, பின்சுவரின் உயரத்திலிருந்த அந்தச் சிறு சாளரத்தை நோக்கித் திரும்பின.

"நிப்பாட்டச் சொன்னவளே பாத்துட்டு நின்னுருக்கா" என்றது ஒரு குரல்.

அன்றிரவு மலையில் பெய்த மழை கொம்பாற்றைக் கரைமீறச் செய்தது. சண்முகக்கனி இக்கரையில், ஆவுடையப்பன் அக்கரையில். வெள்ளிக்கிழமை காலையில் குற்றாலிங்கம் படத்தைத் திறக்க முயன்றார், கணினி மறுத்தது, நிறுவனத்தார் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். மலையைச் சுற்றி ஆடு மேய்ப்பவர்கள் மட்டுமே போகும் காட்டுப்பாதையும் அரித்துப் போயிருந்தது. பாலம் கட்டிய நாளிலிருந்து ஊரில் எவரும் பரிசல் வைத்திருக்கவில்லை. படித்துறையில் நின்று அவள் அலைபேசியில் கேட்டபோதெல்லாம், "கொஞ்சம் மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல" என்றான் அவன். சனிக்கிழமை பிற்பகலில் கல்மேட்டு இளைஞர்கள் இருவர் லாரி ட்யூப்பில் கயிறு கட்டி அவளை அக்கரை சேர்த்தார்கள். நோயாளியை அப்படிக் கொண்டுவர முடியாது. தீயணைப்புத் துறையின் படகு ஞாயிறு காலையில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

முகமும் பாதமும் வீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஆவுடையப்பன். அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்து, ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று ஆயத்தமாகி, ஈரச் சேலையோடு அவன்முன் உட்கார்ந்தாள்.

"எப்படிட்டி இருந்துச்சி?" என்றான்.

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"வெடிச்சுதுல்லா, அது. எப்படி இருந்துச்சி? சும்மா சொல்லு."

"நல்லா இருந்துச்சி" என்றாள் சண்முகக்கனி.

"முதுகு?"

"நீருதான். இடது ஓரத்துல. பெட்டியத் தூக்கிட்டு, சாஞ்சி சாஞ்சி போறீரு."

பிறகு முழுவதையும் சொன்னாள். கண்ணாடி மாளிகையிலிருந்து தொடங்கி, கதவுகள் தாமாகத் திறந்ததையும், விலாவில் பட்ட குண்டையும், வெள்ளைச் சட்டையையும், நீல வெளிச்சத்தையும், தேர்போல வந்த பாலத்தையும், கை உயர்ந்ததையும், தீ முதலில் பாலத்தின் எந்த வளைவிலிருந்து கிளம்பிற்று என்பதையும், ஒன்றுவிடாமல், கோபம் சிறிதும் தணியாத குரலில் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, இடையிடையே மூச்சு வாங்கி, "ம்" கொட்டிக் கேட்டான். 'இடைவேளை' என்ற எழுத்து வந்த இடத்தில் அவன் விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்தான், ஓசை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, படகு வருமுன் ஆவுடையப்பன் இறந்தான். இரசிகர் மன்றத்தார் பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். அதில் கதாநாயகனின் படம் பெரியதாகவும் ஆவுடையப்பனின் படம் சிறியதாகவும் இருந்தன. பாலம் போனதற்குச் சண்முகக்கனியே காரணம் என்பது ஊரின் முடிவு; விசிலடித்ததை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பொங்கலன்று படம் தொலைக்காட்சியில் வந்தது, மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள், பாலம் வரவில்லை. புதிய பாலம் கேட்டு அனுப்பிய மனு, பாலம் நல்ல நிலையில் உள்ளதாகப் பதிவு இருப்பதால் ஏற்கப்படவில்லை. ஆற்றில் நீர் வற்றிய பங்குனியில், கல்மேட்டுக்காரர்கள் பனந்தடிகளைக் கிடத்தி நடக்கும் அளவுக்கு ஒரு பாலம் கட்டிக்கொண்டார்கள்.

ஈராண்டு கழித்து, 'இரகசியப் பருந்து' இரண்டாம் பாகத்துக்கு இடம் பார்க்க ஒரு வேன் வந்தது. பனந்தடிப் பாலம் மிக அழகாயிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். ஊர் கூடி மகிழ்ந்து இசைந்தது. சண்முகக்கனி பீடித் தட்டோடு பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்து இலை நறுக்கினாள். வேன் நின்ற மூன்று நாளும் எழுந்திருக்கவில்லை. காவலர் வந்து பேசினார். அவள் அடுத்த இலையை எடுத்தாள். நான்காம் நாள் அவர்கள் வேறோர் ஊரைத் தேடிப் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் செவ்வந்திப்பேரியில் எவரும் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. பாலத்தில் எல்லாரும் நடக்கிறார்கள்.